கையோடு வரும் குமிழ்

பழைய வீடு ஒன்றின் மாடிப்படி. படிக்கட்டின் அடியில், கைப்பிடிக் கம்பத்தின் உச்சியில் உருண்டையாக ஒரு மரக்குமிழ். அது சரியாகப் பொருந்தவில்லை. பிடித்து ஏறினால் கையோடு கழன்று வந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலை, மனம் நொந்து வீட்டுக்கு வந்த ஒருவன் அந்தப் படியில் ஏறுகிறான். குமிழ் கையில் வந்துவிடுகிறது. வீசி எறிந்துவிடுவானோ என்று நாம் பயப்படும் அளவுக்கு அதை முறைத்துப் பார்க்கிறான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மேலே போகிறான். அன்றிரவே அவன் அதே படியில் ஓடி ஏறுகிறான். குமிழ் மறுபடியும் கையோடு வருகிறது. இம்முறை அதற்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிறான்.

1946-இல் ஃபிராங்க் காப்ரா இயக்கிய ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ படத்தில் இந்த இரண்டு காட்சிகளையும் சேர்த்தால்கூட ஒரு நிமிடம் தேறாது. அமெரிக்கக் குடும்பங்கள் டிசம்பர் தோறும் கூடி உட்கார்ந்து பார்க்கும் படம் இது. அதைப் பற்றி அங்கே நடந்திருக்கும் வாதங்களும் கொஞ்சநஞ்சமல்ல. எனக்கு அந்தப் படம் முழுவதும் அந்த மரக்குமிழுக்குள் அடங்கியிருக்கிறது.

நம் தண்டியலங்காரத்தில் சொற்பின்வருநிலை என்று ஓர் அணி உண்டு. முன்னால் வந்த சொல்லே பின்னாலும் வரும்; ஆனால் வேறு பொருள் தரும். காப்ரா இந்த வித்தையைச் சொற்களை வைத்துச் செய்யவில்லை, வீட்டிலும் ஊரிலும் கிடக்கும் சாமான்களை வைத்துச் செய்கிறார். பொருள் அதே, பொருள் வேறு.

கதை இதுதான். ஜார்ஜ் பெய்லி, பெட்ஃபோர்ட் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவன். உலகம் சுற்ற வேண்டும், பாலங்கள் கட்ட வேண்டும் என்று ஆசை. அப்பா நடத்திய சிறிய கடன் சங்கம் அவனைப் போகவிடவில்லை. நம் ஊர் ‘நிதி’களைப் போல, உறுப்பினர் போட்ட பணத்தை உறுப்பினருக்கே வீடு கட்டக் கடனாகக் கொடுக்கும் சங்கம் அது. ஊரில் மற்றதெல்லாம் பாட்டர் என்ற பணக்காரரின் பிடியில் இருக்கிறது. வங்கியில் கட்டுவதற்காகச் சித்தப்பா பில்லி கொண்டுபோன 8,000 டாலர் தவறிப்போய்ப் பாட்டரின் கையில் சிக்குகிறது. அவர் வாயைத் திறக்கவில்லை. சிறைக்குப் போகும் நிலையில் ஜார்ஜ் உயிரை விட எண்ணி ஆற்றுப் பாலத்துக்குப் போகிறான். கிளாரன்ஸ் என்ற தேவதூதர் வந்து, அவன் பிறக்காமலே இருந்திருந்தால் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று காட்டுகிறார்.

இனி இந்தக் கதையில் வரும் சில பூவிதழ்களைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். ஜார்ஜின் இளைய மகள் ஜூஜூவுக்குப் பள்ளியில் ஒரு பூ பரிசாகக் கிடைக்கிறது. பூ நசுங்கிவிடுமே என்று கோட்டுப் பொத்தானைப் போடாமல் குளிரில் நடந்து வந்து, உடம்புக்கு வந்து படுத்திருக்கிறாள். பூவிலிருந்து சில இதழ்கள் உதிர்ந்துவிடுகின்றன. ‘ஒட்டிக் கொடுங்கள் அப்பா’ என்று நீட்டுகிறாள். ஜார்ஜ் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஒட்டுவதுபோல் பாவனை செய்கிறான். உதிர்ந்த இதழ்களைக் கால்சட்டையின் சிறிய கடிகாரப் பையில் செருகிக்கொண்டு, மீதிப் பூவைச் சரியாகிவிட்டது என்று காட்டுகிறான். வாழ்க்கையே உடைந்து கையில் நிற்கும் நேரத்திலும் ஒரு தகப்பன் குழந்தைக்குச் சொல்லும் சின்னப் பொய். அவன் பிறக்காத உலகில் பையைத் துழாவுகிறான், காலி. திரும்பி வந்ததும் அவன் விரல் அந்தப் பைக்குள் போகிறது. வாடிய நாலு இதழைக் கண்டு ஒருவன் இப்படிக் கூத்தாடுவதை வேறெந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

இதழுக்கு முன்பே உதடு. மதுக்கடையில் வாங்கிய குத்தில் அவன் உதடு கிழிந்திருக்கிறது. பிறக்காத உலகில் அந்தக் காயம் மறைந்துபோகிறது. சிறுவயதில் பனிக்கட்டி உடைந்து தண்ணீரில் விழுந்த தம்பியைக் காப்பாற்றப் போய்ச் செவிடான இடது காதும் கேட்க ஆரம்பிக்கிறது. மீண்டு வந்தபின், வாயில் ரத்தம் வருகிறது என்று அவன் போலீஸ்கார நண்பனிடம் கத்துவது மகிழ்ச்சிக் கூச்சல். ஊனமும் காயமும் திரும்பக் கிடைத்ததற்காக ஒருவன் கொண்டாடுகிறான் என்றால், அந்தக் காட்சியை எழுதியவர்களுக்கு வலி என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முந்தியது பனி. ஜார்ஜ் இல்லாத உலகம் தொடங்கும்போது பெய்துகொண்டிருந்த பனி சட்டென்று நிற்கிறது. பாலத்தில் அவன் கைகோத்து அழுது வேண்டும்போது, யாரும் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன், மெல்லப் பனி விழத் தொடங்குகிறது. அவன் திரும்பிவிட்டான் என்பது அவனுக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. இந்தப் பனிக்குப் பின்னே ஒரு பெரிய உழைப்பு இருக்கிறது. அதுவரை ஹாலிவுட்டில் பனி என்றால் பெரும்பாலும் வெள்ளை பூசிய கார்ன்ஃபிளேக்ஸ்தான். மிதித்தால் நொறுங்கிச் சத்தம் போடும், வசனத்தைப் பிறகு பதிவுசெய்ய வேண்டியிருக்கும். தீயணைக்கும் நுரையையும் சோப்பையும் தண்ணீரையும் கலந்து, காற்றாடி இயந்திரத்தால் பறக்கவிட்டு, சத்தமில்லாத பனியை இந்தப் படத்துக்காக உருவாக்கினார்கள். ஆஸ்கர் அகாடமி அதற்குத் தொழில்நுட்ப விருது கொடுத்தது. படப்பிடிப்பு நடந்ததோ கலிஃபோர்னியாவின் கோடையில். பாலக் காட்சியில் கனத்த கோட்டுக்குள், ஜார்ஜாக நடிக்கும் ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டின் முகம் வியர்த்து மின்னுவதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். அந்த வேர்வை ஜார்ஜின் தவிப்போடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது.

ஸ்டுவர்ட் அப்போதுதான் போரிலிருந்து திரும்பியிருந்தார். குண்டுவீச்சு விமானியாக 20 முறை எதிரி வானில் பறந்தவர். திரும்பி வந்து நடித்த முதல் படம் இது. மதுக்கடையில் அவர் வேண்டுதல் சொல்லும் காட்சியில் திரைப்படச் சுருளின் துகள்கள் திடீரென்று தடித்துத் தெரியும். நடிக்கும்போது அவர் உண்மையாகவே உடைந்து அழுதுவிட்டார். நெருக்கத்தில் எடுத்த காட்சி கையில் இல்லாததால், தூரத்தில் எடுத்ததையே காப்ரா ஆய்வகத்தில் பெரிதாக்கிக்கொண்டார். படத்தின் மிக உயர்ந்த இடம் அந்தத் துகள் படிந்த சில விநாடிகள்தான்.

தொலைபேசிக் காட்சியைச் சொல்லாமல் விட்டால் பாவம். பணக்கார நண்பன் மறுமுனையில் பேசுகிறான், சோயாவிலிருந்து பிளாஸ்டிக் செய்யப்போகும் தொழிலைப் பற்றி. ஒரே ரிசீவரில் ஜார்ஜும், பிறகு அவன் மனைவியாகப்போகும் மேரியும் காதை வைத்து நிற்கிறார்கள். அவன் மூச்சு அவள் தலைமுடியில் படும் நெருக்கம். இருவர் காதிலும் தொழில் பேச்சுதான் விழுகிறது. இருவரில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. அவளை உலுக்கி, எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அவன் கத்தி முடிப்பதற்குள் இருவரும் அழுதுகொண்டே கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். ஊரைவிட்டுப் போகும் ஆசை அந்தக் கணத்தில் சாகிறது. காதல் கைகூடிய இன்பமும் கனவு கைவிட்டுப்போன துக்கமும் ஒரே முகத்தில் தெரிகின்றன.

பாட்டரின் அறையையும் பாருங்கள். எதிரே போடப்பட்ட நாற்காலி வேண்டுமென்றே தாழ்வானது. உயரமான ஜார்ஜ் உட்கார்ந்ததும் குழந்தைபோல் அமிழ்ந்துபோகிறான். ஆண்டுக்கு 20,000 டாலர் சம்பளம் என்று ஆசை காட்டுகிறார் பாட்டர். கைகுலுக்கியவன் அந்தக் கையின் தொடுகையிலேயே விழித்துக்கொண்டு, தன் கையைத் துடைத்துக்கொள்கிறான். அதற்கு நேர் எதிராக ஒரு காட்சி. வங்கிகள் தள்ளாடிய நாளில், சங்கத்தில் பணம் போட்டவர்கள் திரண்டு வந்து நிற்க, மேரி தேனிலவுப் பணம் 2,000 டாலரை எடுத்து நீட்டுகிறாள். ஒருவர் 242 டாலரும் முழுசாக வேண்டும் என்கிறார். இன்னொரு அம்மாள் 20 போதும் என்கிறார். பிறகு வரும் பெண் கூச்சத்தோடு கேட்பது பதினேழரை டாலர். ஜார்ஜ் தாங்க முடியாமல் அவளுக்கு முத்தம் கொடுத்துவிடுகிறான். இக்கட்டான நேரத்தில் அடுத்தவருக்கும் மீதம் வைத்துக் கேட்கும் மனசு அந்தப் பதினேழரையில் இருக்கிறது.

இவ்வளவு நயமுள்ள படத்தோடு சண்டை போட என்ன இருக்கிறது என்றால், நிறைய இருக்கிறது. வெளிவந்தபோதே நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் உணர்ச்சி மிகுதி என்று குறை சொன்னார். 1947-இல் எஃப்.பி.ஐ. குறிப்பு ஒன்று, வங்கிக்காரரைக் கெட்டவராகக் காட்டியதில் கம்யூனிச வாடை இருப்பதாகச் சந்தேகித்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து, ஏழைகள் இருப்பதைக் கொண்டு திருப்திப்படச் சொல்லும் படம் இது என்கிறார்கள். திருடிய பாட்டருக்குத் தண்டனையே இல்லையே என்பது பலருடைய ஆறாத குறை. ஜார்ஜ் இல்லாத ஊர்தான் விளக்கும் ஆட்டமுமாகக் கலகலப்பாக இருக்கிறது என்போரும் உண்டு.

கலகலப்பு என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: விளக்குகளைப் பார்க்காமல் முகங்களைப் பாருங்கள். மருந்துக்கடைக்காரர் கவர், குழந்தைக்கு விஷம் கொடுத்த பழியில் சிறை கண்டு, குடித்துக் குலைந்து நிற்கிறார். சங்கம் கட்டிக்கொடுத்த குடியிருப்பு இருந்த இடத்தில் இடுகாட்டு அமைதி. அங்கே தம்பியின் கல்லறை. ஒரு குறையை மட்டும் நானும் ஏற்கிறேன். ஜார்ஜ் இல்லாவிட்டால் மேரிக்கு நேரும் பெருங்கேடு, கண்ணாடி போட்டுக்கொண்டு நூலகத்தில் வேலை பார்க்கும் கல்யாணமாகாத பெண்ணாவது என்று படம் காட்டுகிறது. இது நியாயமில்லை. இந்தப் படமே நமக்குக் காட்டிய மேரி அப்படிப்பட்டவள் அல்ல. ஒழுகும் வீட்டுக்குத் தன் கையால் சுவர்த்தாள் ஒட்டியவள் அவள். கடைசி இரவில் ஊரெல்லாம் போய்ச் சொல்லிப் பணத்தோடு மக்களைத் திரட்டி வருபவளும் அவளே. தேவதூதர் ஜார்ஜுக்குக் கண்ணைத் திறந்துவிட்டார். சிறைக்குப் போகாமல் காப்பாற்றியவள் மேரி.

இனிப்புப் பண்டம் என்று தள்ளுகிறவர்களுக்கு என் பதில் அந்தக் குமிழ்தான். முடிவில் என்ன சரியாகிவிட்டது? 8,000 டாலர் பாட்டரிடமே இருக்கிறது. ஜார்ஜ் எந்தக் கப்பலிலும் ஏறவில்லை. காது கேட்கவில்லை. குமிழும் ஆடிக்கொண்டே இருக்கிறது. அன்று மாலை மகள் ஜேனி திரும்பத் திரும்பப் பியானோவில் வாசித்த கிறிஸ்துமஸ் பாட்டைப் பொறுக்காமல் நிறுத்தச் சொல்லிக் கத்தினானே, இரவில் ஊரே கூடி நின்று பாடுவது அதே பாட்டை. படம் எந்த வலியையும் துடைத்துப் போடவில்லை. அது அப்படியே இருக்க, இன்னொரு முறை கையில் எடுத்துப் பார்க்க வைக்கிறது. கசப்பைச் சொன்னவர்களும் கண்ணீர் விட்டவர்களும் ஒரே படத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஒரு சாரார் குமிழ் முதல்முறை கழன்று வந்த இடத்தில் நின்றுவிட்டார்கள்; மறு சாரார் இரண்டாம் முறையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

வியப்பு என்னவென்றால், படத்தின் தலையெழுத்தும் இப்படியே அமைந்தது. முதல்முறை திரையரங்குக்கு வந்தபோது எதிர்பார்த்த வசூல் வரவில்லை. ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகளில் ஒன்றும் கைக்கு வரவில்லை. 28 ஆண்டு முடிந்து 1974-இல் பதிப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டிய மனுவைப் போடாமல் விட்டுவிட்டார்கள். காசு கொடுக்காமல் போடலாம் என்று தெரிந்ததும் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் டிசம்பர் முழுக்க மாற்றி மாற்றிப் போட்டன. ஒரு தலைமுறைக் குழந்தைகள் மரத்தடிப் பரிசுகளோடு இந்தப் படத்தையும் பண்டிகையாக்கிக்கொண்டார்கள். மறதியில் விட்ட ஒரு தாளால் படம் இரண்டாம் முறை வந்தது. வேறு பொருளோடு வந்தது. பிறகு அதற்கு நிறம் ஏற்றியபோது காப்ராவும் ஸ்டுவர்ட்டும் கொதித்து எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம்தான் நான். கறுப்பு வெள்ளையில் இரவின் ஆற்றுத் தண்ணீர் கரியாகத் தெரியவேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பனிக்கு மதிப்பில்லை.

நானும் இதை ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டவன் அல்ல. இருபது வயதில் பார்த்தபோது என் கண்ணெல்லாம் ஜார்ஜின் பயணப் பெட்டியில் இருந்தது. கவர் அன்போடு வாங்கிக் கொடுத்த அந்தப் பெட்டி ஊர் தாண்டவே இல்லையே என்று அன்றைக்கு அழுகை வந்தது. இப்போதெல்லாம் பெட்டி வரும்போது வருத்தம் குறையவில்லை. ஆனால் மாடிப்படி வரும்போது என்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்கிறேன். அந்த வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் ஒருவரும் அந்தக் குமிழுக்கு ஓர் ஆணி அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றிரவு அவன் முத்தமிட அந்தப் படியில் என்ன இருந்திருக்கும்?