ஸ்விஃப்ட்டில் 15 இன்ச் அலாய்: ஹப் ரிங் இல்லாமலும், இருந்தும்

அலாய் வீல் கடைக்குள் நுழைந்ததும் வருகிற முதல் கேள்வி, "எந்த டிசைன் சார்?" அடுத்தது, கறுப்பா வெள்ளியா. விவரம் தெரிந்த கடையென்றால் பிசிடி கேட்பார்கள். பெரும்பாலும் அதோடு சரி. வெளியில் வாங்குகிற சக்கரம் காரில் ஒழுங்காக உட்காருமா என்பதோ அதற்கு மேல் கேட்கவேண்டியவற்றில்தான் இருக்கிறது. நடுத்துளை எவ்வளவு, ஆஃப்செட் எவ்வளவு, நட்டுக்கு என்ன மரை, நட்டின் முகம் கூம்பா உருண்டையா, கடைசியாக எவ்வளவு முறுக்கினார்கள். இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு, 2018இல் வந்த தலைமுறை ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ ஒன்றில் 15 இன்ச் அலாய் மாட்டி ஓட்டிப் பார்த்தேன்.

ஏன் 15? இந்தக் காருக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்தது 14 இன்ச் இரும்பு ரிம், 165/80 ஆர்14 டயர். இதே மாடலின் இசட்எக்ஸ்ஐ வகைக்கு மாருதியே 15 இன்ச் அலாயும் 185/65 ஆர்15 டயரும் கொடுத்தது. அதாவது சஸ்பென்ஷனும் மட்கார்டும் இந்த அளவுக்கு ஏற்கெனவே பழகியவை. பழைய டயரின் மொத்த விட்டம் 619.6 மில்லிமீட்டர், புதியது 621.5. ஸ்பீடோமீட்டர் காட்டுவதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வராது. டயர் தாங்கும் எடையும் குறையவில்லை: பழையதன் 85 என்ற சுமைக்குறிக்கு 515 கிலோ, புதியதன் 88க்கு 560 கிலோ.

"பதினாறே போட்டுடலாம் சார், லுக்கே வேற" என்றார் கடைக்காரர். 195/55 ஆர்16 போட்டால் விட்டம் 620.9, கணக்கு அழகாக ஒத்துப்போகிறது. ஆனால் தரைக்கும் ரிம்முக்கும் நடுவே இருக்கிற டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். 14 இன்ச்சில் 132 மில்லிமீட்டர், 15இல் 120, 16இல் 107. மழை முடிந்த பிறகு நம் சாலைகளில் இருக்கும் பள்ளங்களில் ரிம் வளையாமல் காப்பது அந்த ரப்பர் உயரம்தான். அதில் இரண்டரை சென்டிமீட்டரை அழகுக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதோடு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கிறது. அதே மாடலுக்கு நிறுவனமே தந்த அளவில் நிற்பது பாதுகாப்பான வழி. எதை மாட்டினாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பிசிடி, அதாவது ஸ்டட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின் அளவு, இங்கே 4x100. நான்கு ஸ்டட், 100 மில்லிமீட்டர் வட்டம். எட்டு ஓட்டை போட்டு, 4x100, 4x108 இரண்டுக்கும் பொருந்தும்படி விற்கும் ரிம்களை நான் தவிர்த்தேன். பொருந்தாது என்பதற்காக இல்லை. பயன்படாத நான்கு ஓட்டைகளைச் சுமக்கிற ரிம் எதற்கு?

ஆஃப்செட்டில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே அந்த எண். 5.5 இன்ச் அகலம், 45 ஆஃப்செட் உள்ள ரிம்முக்குப் பதில் 7 இன்ச் அகலம், 35 ஆஃப்செட் மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். வெளி விளிம்பு 29 மில்லிமீட்டர் வெளியே வரும். உள் விளிம்பு 9 மில்லிமீட்டர் உள்ளே போகும். கடையில் கார் காலியாக நிற்கும்போது அட்டகாசமாகத் தெரியும். பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் பெட்டிகள் என்று வேகத்தடையில் இறங்கும்போது டயர் மட்கார்டு விளிம்பை உரசும். வீல் பேரிங் மீதான பளுவும் கூடும். நான் எடுத்தது 6 இன்ச் அகலம், ஆஃப்செட் பழையதை ஒட்டியது. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, உள்பக்கம் கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

இப்போது ஹப் ரிங். ஸ்விஃப்ட்டின் ஹப் விட்டம் 54.1 மில்லிமீட்டர். பல கார்களுக்குப் பொதுவாகச் செய்யப்படும் அலாயில் நடுத்துளை பெரிதாக இருக்கும். என் ரிம்மில் 73.1. நடுவே கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் சுற்றிலும் வெற்றிடம். அதை நிரப்பும் சின்ன வளையம்தான் ஹப் ரிங். "அதெல்லாம் தேவையில்ல சார், நட்டு டைட் ஆனா தானா சென்டர் ஆயிடும்" என்பதே வழக்கமான பதில். அது முழுப் பொய்யும் இல்லை. கூம்பு முக நட்டு ரிம்மை நடுவுக்கு இழுக்கத்தான் செய்யும். ஆனால் கார் எடை சக்கரத்தில் இருக்கும்போது முறுக்கினால், அல்லது ஒரு நட்டை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், ரிம் ஒரு நூல் விலகிய இடத்திலேயே இறுகிவிடும். பேலன்சிங் மெஷினில் சுத்தமாகச் சுழன்ற சக்கரம் காரில் ஆடுவது இதனால்தான்.

சோதிக்க வேண்டுமென்றே முதலில் வளையம் இல்லாமல் மாட்டச் சொன்னேன். நகரத்துக்குள் எதுவும் தெரியவில்லை. திண்டிவனம் சாலையில் 80ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங்கில் மெல்லிய அதிர்வு. 95 வாக்கில் உள்ளங்கையில் நன்றாகவே தெரிந்தது. பிறகு அதே சக்கரங்கள், அதே பேலன்ஸ் எடைகள், 73.1க்கு 54.1 அலுமினிய வளையங்களோடு. அதே சாலையில் அந்த அதிர்வு இல்லை. நாலு சக்கரத்துக்குமான இந்த வளையங்களின் விலை ஒரு ரிம்மின் விலையில் சிறு துண்டுகூட இல்லை. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லவேண்டும்: காரின் எடையைத் தாங்குவது வளையம் அல்ல. ரிம்மின் முகம் ஹப்பின் முகத்தோடு இறுகி ஒட்டியிருக்கும் உராய்வுதான் தாங்குகிறது. வளையத்தின் வேலை நட்டு இறுகும்வரை ரிம்மை நடுவில் பிடித்து வைப்பது. அதனால் ஹப் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுக்காமல் மாட்டினால் எந்த வளையமும் காப்பாற்றாது.

நட்டுக்கு வருவோம். சுசுகி ஸ்டட் 12 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.25. ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டாவின் சிறிய கார்களில் 1.5. இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். 1.5 நட்டு 1.25 ஸ்டட்டில் ஒரு சுற்று ஏறிவிட்டு இறுகும். ஏர் கன் வைத்திருப்பவருக்கு அந்த இறுக்கம் தெரியாது, மரையை அரைத்துக்கொண்டே போகும். ஆகவே எந்த நட்டும் முதலில் விரலால்தான் ஏறவேண்டும். 12 மில்லிமீட்டர் ஆழம் பிடிக்க ஏறத்தாழ ஒன்பதரைச் சுற்று. எண்ணிப் பாருங்கள். ஹோண்டாவின் ஒரிஜினல் நட்டு உருண்டை முகம். வெளிச்சந்தை அலாய் பெரும்பாலும் கூம்பு இருக்கை. உருண்டையைக் கூம்பில் வைத்தால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே படும், ஓட ஓடத் தளரும்.

முறுக்கும் அளவு காரின் கையேட்டில் இருக்கிறது. இந்த வகைச் சிறிய கார்களில் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும். நம் கராஜ் கணக்கில் பத்து கிலோகிராம்-மீட்டர் சொச்சம்: கால் மீட்டர் நீள ஸ்பானரின் முனையில் 40 கிலோ அழுத்தம். 70 கிலோ ஆள் 30 சென்டிமீட்டர் ஸ்பானரில் ஏறி நின்றால் அது இருமடங்கு. ஸ்டட் இழுபடும், பிரேக் டிஸ்க் கோணலாக இறுகும், வழியில் பஞ்சர் ஆனால் கழற்றவும் முடியாது. ஏர் கன்னால் முடித்த சக்கரங்களை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்த்தபோது, எல்லா நட்டும் அசைவதற்கு முன்பே ரெஞ்ச் 'க்ளிக்' என்றது; குறித்த அளவுக்கோ அதற்கு மேலோ ஏற்கெனவே இறுகியிருந்தன. நான்கையும் தளர்த்தி, ஜாக்கியில் தூக்கிய நிலையில் எதிரெதிராக விரலாலும் ஸ்பானராலும் ஏற்றி, சக்கரம் தரையைத் தொட்ட பிறகு ரெஞ்சால் முடிக்கச் சொன்னேன். ஸ்டட்டில் கிரீஸ் தடவ வந்தார் பையன், வேண்டாம் என்றேன். கிரீஸ் இருந்தால் அதே அளவு முறுக்கில் ஸ்டட் அதிகமாக இழுபடும். நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை திரும்பச் சரிபார்த்தபோது இரண்டு நட்டுகள் சற்றே நகர்ந்தன. புது அலாயில் இது இயல்பு. இந்த மறுபரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஓட்டத்தில்? வளைவுகளில் முன்பக்கம் சீக்கிரம் பிடிக்கிறது, ஸ்டீயரிங் கொஞ்சம் கனத்திருக்கிறது, சாலை இணைப்புகள் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கின்றன. 14 இன்ச்சின் மென்மை போய்விட்டது உண்மை. குடும்பத்தோடு கிராமச் சாலையில் அதிகம் ஓடும் கார் என்றால் இரும்பு ரிம்மிலேயே இருங்கள் என்பேன். நெடுஞ்சாலை அதிகம் என்றால் இந்த மாற்றம் பணத்துக்குத் தகும்.

ஸ்டெப்னி இன்னும் 14 இன்ச் இரும்பு ரிம்தான். விட்டம் ஏறக்குறைய ஒன்று என்பதால் பஞ்சர் கடைவரை தாராளமாகப் போகலாம். ஆனால் அலாயோடு வரும் மூடிய தலை நட்டுகளை அதில் போடாதீர்கள். இரும்பு ரிம்மின் தகடு மெலிது. அது இறுகும் முன்பே ஸ்டட்டின் முனை நட்டின் உச்சியில் முட்டிவிட வாய்ப்புண்டு, இறுகியதுபோலத் தோன்றும். பழைய நட்டுகளை ஒரு பையில் கட்டி, புது நட்டுக்கான சாக்கெட்டோடு ஜாக்கி பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.