குனிந்து பார்க்க வேண்டிய அழகு

சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ, உயர்த்திக் கட்டிய பழைய ஹைலக்ஸ் ஒன்று வந்து நின்றால் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். உயரம் ஒரு விஷயமே இல்லை. காசு கொடுத்தால் ஒரு மத்தியானத்தில் ஏற்றித் தருவார்கள். குனிந்து, அச்சையும் சேசிஸையும் இணைக்கும் குழாய்களை, அதாவது லிங்குகளைப் பாருங்கள். கைவண்ணம் அங்கேதான்.

தோட்டத்து லாரிகள் காலங்காலமாக ஓடியது லீஃப் ஸ்பிரிங்கில். அந்தப் பட்டைகளுக்கு இரண்டு வேலை: பாரம் சுமப்பது, அச்சை நகராமல் பிடிப்பது. மூட்டை ஏற்ற அது போதும். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை கொடுத்து உயர்த்தி, பெரிய டயர் மாட்டி, சேற்றில் ஆக்சிலேட்டரை மிதித்தால் அச்சு முறுக்கிக்கொள்ளும், வண்டி துள்ளும். லிங்க் முறை இந்த இரண்டு வேலையையும் பிரித்துவிடுகிறது. பாரம் சுருள் ஸ்பிரிங்குக்கு, பிடிமானம் லிங்குகளுக்கு. 1970இல் வந்த ரேஞ்ச் ரோவர் இதை ஆலையிலிருந்தே கொண்டுவந்தது. பட்டறைக்காரர் அதையே தன் வண்டிக்கேற்ப வெட்டி ஒட்டுகிறார்.

பின் அச்சுக்குக் கீழே இரண்டு, மேலே இரண்டு லிங்க். மேல் இரண்டும் அச்சின் நடுவை நோக்கிக் கூம்பினால், அச்சு பக்கவாட்டில் நகராது. முன்னால் எஞ்சின் இடத்தை அடைத்துக்கொள்வதால் பெரும்பாலும் மூன்று லிங்கும், பக்கவாட்டு நகர்வைத் தடுக்கக் குறுக்கே ஒரு பேனார்ட் கம்பியும். அந்தக் கம்பி ஸ்டீயரிங்கின் டிராக் லிங்குக்கு இணையாக, ஏறக்குறைய அதே நீளத்தில் இருக்க வேண்டும். தவறினால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். பட்டறையின் தரத்தை நான் எடைபோடுவது இந்த ஒன்றில்தான்.

பக்கவாட்டில் நின்று, பின் அச்சின் மேல் கீழ் லிங்குகளை மனதுக்குள் முன்னோக்கி நீட்டிப் பாருங்கள். ஒரு புள்ளியில் சந்திக்கும். வண்டியின் குணம் அந்தப் புள்ளியில் இருக்கிறது. உயரத்தில் விழுந்தால், மேட்டில் மிதிக்கும்போது பின்பக்கம் எழும்பிக் குதிக்கும். தாழ விழுந்தால் குந்திக்கொள்ளும். லிங்க் மாட்டும் பிராக்கெட்டில் ஓர் அங்குலம் போதும், சுபாவமே மாறிவிடும். அதனால்தான் விவரமானவர்கள் ஒரே துளையோடு நிறுத்துவதில்லை.

வண்டி கட்டுவதில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. ஸ்பிரிங் மாட்டாமல், பிராக்கெட்டுகளைப் பொட்டு வெல்டிங்கில் நிறுத்தி, ஜாக்கால் ஒரு சக்கரத்தைத் தூக்கி மறுசக்கரத்தைத் தொங்கவிடுவார்கள். டயர் எங்கே உரசுகிறது? பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா? பினியன் எந்தக் கோணத்தில் நிற்கிறது? ஷாஃப்ட் நீளம் போதுமா? ஒத்துவராவிட்டால் கிரைண்டரால் அறுத்து, மறுபடி பொட்டு வைப்பார்கள். முழு வெல்டிங் கடைசியில்தான். அவசரக்காரர் கட்டிய வண்டியில் இந்தக் கட்டமே இருந்திருக்காது.

லிங்கின் ஒரு முனையில் வலப்புரி மறை, மறுமுனையில் இடப்புரி. கழற்றாமலே குழாயைத் திருகி நீளம் கூட்டலாம், குறைக்கலாம். மூட்டில்தான் சர்ச்சை. ரோஸ் ஜாயிண்ட் நன்றாக வளைந்துகொடுக்கும், ஆனால் செம்மண் சேறு புகுந்து தேய்ந்து கடகடக்கும். சடக்கிலும் ஓட வேண்டிய வண்டிக்கு, சேசிஸ் பக்கமாவது ரப்பர் புஷ் வேண்டும் என்பது என் கட்சி.

பாலிங், சிக் பக்கம் வருடக் கடைசி மழையில் செம்பனை வரிசைகளுக்கு நடுவே உள்ள கால்வாயைக் கோணலாகக் கடக்கும்போது பாருங்கள். ஒரு சக்கரம் பள்ளத்தில், அதே அச்சின் மறுசக்கரம் மட்டைக் குவியலில். நன்றாகக் கட்டிய வண்டியில் நாலு டயரும் மண்ணைப் பிடித்திருக்கும், மேலே பாடி அவ்வளவாகச் சாயாது. 1997இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டி மழைக்காலத்தைத் தேடிப்போய் நடத்தப்படுவது இந்த மாதிரிச் சோதனைக்குத்தான்.

கீழ் லிங்கின் அடியில் கல் கீறிய தழும்பு இருந்தால், கட்டியவர் யாரென்று விசாரிப்பேன். பெயின்ட் மினுங்கினால் விலையை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன்.