கிளாப் கட்டை போதாது

ஏ.வி.எம். வரலாறு எழுதுபவர்கள் காரைக்குடியை ரெண்டு வரியில் முடித்துவிடுவார்கள். தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டு ‘நாம் இருவர்’ (1947) எடுத்தார் மெய்யப்பன், பிறகு கோடம்பாக்கம் போனார், அவ்வளவுதான். எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது வேறு: டி.கே. பட்டம்மாள் குரலுக்குக் குமாரி கமலா வைக்கும் அடி. குரல் முன்னால் போகிறது, கால் அதைத் தொடர்கிறது. ரெண்டு வருஷம் முன்பு, மெய்யப்பனின் ‘ஸ்ரீ வள்ளி’யில் (1945) நேர் எதிர். ருக்மிணியின் வாயசைவு படத்தில் இருந்தது, பி.ஏ. பெரியநாயகியின் குரல் அதற்குப் பொருந்தியாக வேண்டும். யார் முன்னால், யார் பின்னால் என்று முடிவு செய்வதுதான் சிங்க்கில் பாதி வேலை.

மீதிப் பாதியில்தான் கீபோர்டு சீக்வென்சரையும் ரெக்கார்டரையும் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ரெண்டு பட்டனையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் போதும் என்று நினைப்பு. அது கிளாப் அடிப்பது மாதிரி, தொடக்கத்தை மட்டும் சேர்க்கும். படத்தையும் ஒலியையும் கடைசிவரை சேர்த்து வைத்தது ஒரே வேகத்தில் ஓடிய மோட்டார்கள். ரெண்டு கருவியிலும் டெம்போ 120 என்று போட்டிருந்தாலும் கடிகாரம் வேறு வேறு. பத்தாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால் நாலு நிமிஷப் பாட்டில் 24 மில்லி செகண்ட் தள்ளிப்போகும். டேப் என்றால் இன்னும் மோசம்.

இதற்கு எல்லாரும் சொல்லும் வைத்தியம் ‘பஃபரைக் குறை’. பாதி நேரம் அது தப்பான மருந்து. முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை ஒரே அளவு தாமதம் என்றால்தான் அது உதவும். போகப்போகக் கூடுகிறது என்றால் கடிகாரக் கோளாறு. ஒன்றை மாஸ்டராக வைத்து, மற்றதை எக்ஸ்டர்னல் கிளாக்கில் போட வேண்டும். மிடி கிளாக் கால் நோட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும். அதை எண்ணிக்கொண்டே மற்றது ஓடும். டேப் காலத்தில் இந்த வேலைக்கு ஓரத்து டிராக் ஒன்றில் ஒரு கீச்சொலியைப் பதிந்தார்கள். அது கசியும் என்பதால் பக்கத்து டிராக்கைக் காலியாக விடுவார்கள். பாவம், எட்டு டிராக்கில் ரெண்டு போச்சு!

‘புன்னகை மன்னன்’ (1986) பற்றிய கட்டுரைகளிலும் இதே குறை. கம்ப்யூட்டரில் செய்த இசை என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வியப்பு இருக்கட்டும். சீக்வென்சர் முன்னால் போனால் கூட வாசிப்பவர் மூச்சு வாங்க நிற்க முடியாது, சரணம் முடியும்போது இழுக்கவும் முடியாது. அந்த இறுக்கம் பாட்டுக்கு வேண்டுமா, வேண்டாமா? விமர்சனம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

செட்டிநாட்டு ஆச்சி ஒருவரின் தாலாட்டைக் கீபோர்டோடு பதிவு செய்வதானால் நான் 120-ஐ அவர் காதில் மாட்டமாட்டேன். குரலை முதலில் தனியாகப் பதிந்து, அவர் நிறுத்தும் இடங்களை வைத்து டெம்போவை அடிக்கு அடி மாற்றி, சீக்வென்சரை அவர் பின்னால் ஓடவிடுவேன். ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கும், பிடிக்கட்டும்.