நாற்காலிக்கு வயது பார்க்கலாம், இசைக்கு வேண்டாம்

அமெரிக்காவில் பல ஊர்ப் பொது நூலகங்களின் நிகழ்ச்சி நிரலில் இப்படி ஒரு வரி தட்டுப்படும்: முதியோருக்கான இசை நிகழ்ச்சி, பிற்பகல் 2 மணி, அனுமதி இலவசம். ஒரு மாதம் பியானோ, ஒரு மாதம் ஜாஸ், ஒரு மாதம் காற்றுக்கருவி ஐவர் குழு. இந்தக் கடைசி வகையைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும். இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளின் பலமும் பலவீனமும் அதில்தான் மிகத் தெளிவாகத் தெரிகின்றன.

புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன், ஹார்ன் ஆகிய ஐந்தும் சேர்ந்தது இந்தக் குழு. பீத்தோவனின் இளமைக்கால நண்பர் அந்தோன் ரைஹா பாரிஸில் எழுதிய 24 ஐவர் படைப்புகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வடிவத்தை நிலைநிறுத்தின. நூலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான குழு அமைவது கடினம். பியானோ வேண்டாம், மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். ஐந்து நாற்காலியும் இசைத்தாள் வைக்க ஐந்து தாங்கியும் போதும். கம்பளமும் புத்தக அலமாரிகளும் ஒலியை உறிஞ்சிவிடும் அறையிலும் இவற்றின் ஓசை எடுபடும். ஹார்னின் வாய் மட்டும் பின்பக்கம் பார்த்திருக்கும். அதற்குப் பின்னால் வெறுஞ்சுவர் இருந்தால் நாதம் திரும்பி வரும், கனத்த திரைச்சீலை இருந்தால் அமுங்கிவிடும். அறையை ஏற்பாடு செய்தவர் இதை யோசித்தாரா என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

நெருக்கம்தான் இதன் பெரிய சொத்து. ஓபோ வாசிப்பவர் சிறு குப்பியில் தண்ணீர் வைத்துக்கொண்டு சீவாளியை நனைப்பதை முதல் வரிசையில் இருப்பவர் பார்க்கலாம். நாதஸ்வரம் பார்த்து வளர்ந்த நமக்கு அது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓபோவும் பசூனும் அதேபோல இரட்டைச் சீவாளியில் ஒலிப்பவை. ஒரு பகுதி முடிந்ததும் ஹார்ன் வாசிப்பவர் குழாய்த் துண்டைக் கழற்றி உள்ளே சேர்ந்த நீரை உதறுவார். அடுத்தது தொடங்குமுன் ஐவரும் ஒன்றாக மூச்சிழுக்கும் சத்தம் கேட்கும். நடத்துநர் இல்லாத குழுவுக்கு அந்த மூச்சுதான் சைகை. இரவில் கார் ஓட்டத் தயங்குகிறவருக்கும் படியேற முடியாதவருக்கும் இதெல்லாம் பகல் வெளிச்சத்தில், பழகிய கட்டடத்தில், கைக்காசு செலவில்லாமல் கிடைக்கிறது. இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

இலவசம் என்பது கேட்பவருக்குத்தான். வாசிக்கிறவருக்கு யாரோ கொடுத்தாக வேண்டும். அந்தக் காசுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ, இசைத்தட்டுப் பதிவையே நிறுத்தச் சொல்லி வேலைநிறுத்தம் அறிவித்தார். இசைத்தட்டு விற்பனை நேரடி வாசிப்புப் பிழைப்பைத் தின்றுவிடுகிறது என்பது அவர் வாதம். பெரிய கம்பெனிகள் 1944 இறுதிக்குள் இறங்கி வந்தன. விற்கும் தட்டுகளிலிருந்து ஒரு பங்கு, மக்களுக்கான இலவச நிகழ்ச்சிகளுக்குப் போனது. 1948இல் அது சங்கத்தின் கையை விட்டு விலகி, தனி அறக்கட்டளை நிதியாக மாறியது. அந்த நிதி இன்றும் இருக்கிறது. ஆனால் தட்டு விற்பனை சரிந்தபோது அதன் வரவும் சரிந்தது. இப்போது நூலக நண்பர்கள் குழு, உள்ளூர் நன்கொடை, நகராட்சியின் கலை மானியம் என்று ஆண்டுதோறும் தேடித் திரட்ட வேண்டியிருக்கிறது. மானியம் நின்றால் நிகழ்ச்சியும் நிற்கும். நல்ல குழு ஒருமுறை வந்து கேட்பவர்களைப் பழக்கிவிட்டு மறுமுறை வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பணத்தைவிடப் பெரிய குறை நிகழ்ச்சித் தேர்வில் இருக்கிறது. ‘முதியோருக்கு’ என்று பெயர் வைத்தவுடன் நிரல் சர்க்கரைப் பாகாகிவிடுகிறது: பழைய படப்பாடல்களின் கோவை, மெல்லிய நடனமெட்டு, எல்லாருக்கும் தெரிந்த இரண்டு நிமிடத் துண்டுகள். பழைய பாட்டில் தவறில்லை. ஒரு மணி நேரமும் அதுவே என்றால் வந்தவர்களைக் குறைத்து மதிப்பிடுகிறோம் என்று அர்த்தம். இன்று எண்பது வயதில் இருப்பவர் ஐம்பது ஆண்டுகளாக வானொலியிலும் இசைத்தட்டிலும் கடினமான இசையைக் கேட்டுத் தேர்ந்தவராக இருக்கலாம். இந்த ஐவர் குழுவுக்காக இசையமைப்பாளர் சாமுவேல் பார்பர் எழுதிய ‘சம்மர் மியூசிக்’ 1956இல் டெட்ராய்ட் நகரில் அரங்கேறியது. அதை எழுதுவதற்கான தொகை ஒரே புரவலரிடமிருந்து வரவில்லை. ரசிகர்களிடம் சிறிது சிறிதாகத் திரட்டப்பட்டது. சாதாரணக் கேட்பவர்களின் காசில் பிறந்த பன்னிரண்டு நிமிடப் படைப்பு அது. சாதாரணக் கேட்பவர்களுக்கு அது புரியாது என்று முடிவு கட்ட நாம் யார்? டென்மார்க்கின் கார்ல் நீல்சன் 1922இல் எழுதிய ஐவர் படைப்பு இன்னும் பொருத்தம். கோபன்ஹேகனில் தாம் நன்கு அறிந்த ஐந்து கலைஞர்களை மனத்தில் வைத்து எழுதியது. கடைசிப் பகுதி, அவரே இயற்றிய ஒரு தேவாலயப் பாட்டின் மீது கட்டிய வேறுபாடுகளின் வரிசை. மெட்டு தெரிந்துவிட்டால் யாரும் பின்தொடரலாம். முன்னதாக ஒரு நிமிடம் அந்த மெட்டை வாசித்துக் காட்டிப் பேசினால் போதும்.

அந்தப் பேச்சும் காதில் விழ வேண்டுமே. அமெரிக்காவில் 65 முதல் 74 வயதுள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கும், 75ஐத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கும் செவிக்குறைவு உண்டு. முதலில் மங்குவது உயர்ந்த ஸ்தாயி. பசூனும் ஹார்னும் முழுதாகக் கேட்கும். புல்லாங்குழலின் மேல்நாதம் தேய்ந்து கேட்கும். காது கேட்கும் கருவியோ மனிதப் பேச்சுக்கென வடிவமைக்கப்பட்டது. புல்லாங்குழலின் நீண்ட ஸ்வரத்தைத் தன் கீச்சொலி என்றே தவறாக எடுத்துக்கொண்டு அதை அடக்கப் பார்க்கும். ஸ்வரம் நடுங்கிக் கேட்கும். இதற்கு வழி இருக்கிறது. தரையைச் சுற்றிக் கம்பிச்சுருள் பதித்த செவிவளையம் இருந்தால், மைக் ஒலி, ‘டெலிகாயில்’ என்ற சிறு சுருள் உள்ள காதுக் கருவிகளுக்கு நேரடியாகப் போய்ச் சேரும். ஒலிபெருக்கியைத் தொடாமலே மைக்கை வளையத்துக்கு மட்டும் இணைக்கலாம். நிகழ்ச்சிக்கு முதியோர் பெயரைச் சூட்டிவிட்டு இந்த ஏற்பாட்டைச் செய்யாமல் விடுவதை மறதி என்று தள்ளிவிட முடியாது. யாருக்காக நடத்துகிறோமோ அவர்களிலேயே பலரை வாசலில் நிறுத்துகிறோம்.

வராதவர்களைப் பற்றியும் பேச வேண்டும். பிற்பகல் 2 மணி நிகழ்ச்சிக்கு வருகிறவர் நடமாட்டமுள்ளவர், காரோ பேருந்தோ வாய்த்தவர். வீட்டோடு முடங்கியவரும், அவரைக் கவனித்துக்கொள்ளும் மகளும் வருவதில்லை. இணையத்தில் முன்பதிவு கட்டாயம் என்றால் இன்னும் சிலர் கழன்றுகொள்வார்கள். பிள்ளைகளைப் பார்க்க விசாவில் போய் ஆறு மாதம் தங்கும் நம் பெற்றோரையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். பகலெல்லாம் வீட்டில் தனியாக இருப்பவர்கள், யாராவது ஓட்டிப்போனால்தான் நூலகம்.

இன்னொரு குறை மிகையுரை: இசை கேட்டால் முதுமை நோய் குறையும் என்று மானிய விண்ணப்பங்களில் எழுதுவது. ஆய்வாளர் ஜீன் கோஹன் 2006இல் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி சாட்சிக்கு இழுக்கப்படுகிறது. வாஷிங்டனில் 65 வயதைக் கடந்தவர்கள் வாரந்தோறும் கூடிச் சேர்ந்திசை பாடினார்கள். பாடாதவர்களோடு ஒப்பிட்டால் அவர்களின் உடல்நலம் மேலாக இருந்தது. ஆனால் அவர்கள் பாடினார்கள், மாதக்கணக்கில். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பதற்கு அதே பலனைக் கோருவது நேர்மையில்லை. நல்ல இசை நல்ல இசை என்பதற்காகவே காசு கேட்கலாம்.

பங்கேற்பைத்தான் விரும்புகிறோம் என்றால் அதற்கும் முன்மாதிரி உண்டு. ராச்செஸ்டரிலுள்ள ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் ராய் எர்ன்ஸ்ட் 1991இல் தொடங்கிய ‘நியூ ஹொரைசன்ஸ்’ வாத்தியக்குழுக்கள், வாழ்க்கையில் கிளாரினெட்டைத் தொட்டேயிராத முதியவர்களுக்கும் அதை வாசிக்கக் கற்றுத் தந்தன. நிகழ்ச்சி முடிந்து காபி பரிமாறும் நேரத்தில், ஐவரில் ஒருவர் ஒரு பழைய கிளாரினெட்டை மேசையில் வைத்து, ஊதிப் பார்க்க விரும்புகிறவர்களை அழைத்தால் நூலகம் அந்தத் திசையில் முதல் அடி எடுத்ததாகும்.

நூலகங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: நாற்காலி, நேரம், வெளிச்சம், செவிவளையம், கழிப்பறைக்கு அருகாமை எல்லாவற்றையும் வயதைப் பார்த்து அமையுங்கள், இசைத் தேர்வைக் கலைஞர்களிடம் விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அம்மா அப்பா வந்திருக்கும்போது நூலக நிரலைப் பாருங்கள், ஒரு பிற்பகல் விடுப்பு எடுத்து அழைத்துப் போங்கள், செவிவளையம் இருக்கிறதா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் நூலகம் அதை வாங்கும்.