சுவரைப் படிக்காத கேமரா

திரைக்கலை பயிலும் மாணவர்கள் பலர் தற்காலக் கலையின்பாலும் தெருச்சுவர் ஓவியங்களின்பாலும் ஈர்க்கப்படுவதை அண்மைக் காலத்தில் காண்கிறோம். இவ்வீர்ப்பு இயல்பானதே. சட்டகம், ஒளி, வண்ணம் ஆகியவை இரு கலைகளுக்கும் பொது. மேலும், வெயிலும் மழையும் அதிகாரிகளின் வெள்ளையடிப்பும் சுவரோவியத்தை அழித்துவிடுகின்றன. அழிவதைப் பதிந்து வைக்கவல்லது கேமரா. ஆயினும் சுவரைப் பார்ப்பது வேறு, படிப்பது வேறு. இவ்வேறுபாட்டை உணராத ஆர்வம் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு 2015-ஆம் ஆண்டின் நிகழ்வொன்று தக்க சான்றாகும்.

'ஹோம்லேண்ட்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஐந்தாம் பருவத்திற்காக, பெர்லின் நகரின் புறத்தே சிரிய அகதி முகாம் ஒன்று அரங்கமாக அமைக்கப்பட்டது. அதன் சுவர்களில் அரபு எழுத்துகளைத் தீட்டி மெய்த்தோற்றம் அளிக்குமாறு ஹெபா அமீன், கரம் காப், டான் கார்ல் ஆகிய கலைஞர்கள் அழைக்கப்பட்டனர். அவர்களுக்கு மாதிரியாகத் தரப்பட்டவை அஸதை ஆதரிக்கும் முழக்கங்கள் என அவர்களே பின்னர் தெரிவித்தனர். அந்த ஆட்சிக்கு அஞ்சி வெளியேறியோரும் தங்கும் முகாமின் சுவரில் அதன் புகழுரை! எழுதுவது அரசியலாக இருத்தலாகாது என்ற நிபந்தனையும் உடன் வந்தது. முஸ்லிம்களை அச்சத்திற்குரியோராகக் காட்டுவதாகப் பலராலும் கண்டிக்கப்பட்ட அத்தொடருக்கு ஊழியம் செய்ய அக்கலைஞர்கள் விரும்பவில்லை. ஆயினும் வாய்ப்பைக் கைவிடவுமில்லை. 'ஹோம்லேண்ட் இனவெறி கொண்டது' என்றே சுவரில் எழுதினர். அது ஒரு நகைச்சுவை, ஆனால் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்ற பொருளிலும் எழுதினர். ஒருவரும் தடுக்கவில்லை. 2015 அக்டோபரில் அக்காட்சி அப்படியே ஒளிபரப்பாயிற்று.

துணி மாட்டும் பிளாஸ்டிக் கவ்விகள்வரை மெய்ம்மையை நாடிய அரங்க அமைப்பாளர்கள், எழுத்தின் பொருளை மட்டும் நாடவில்லை. அரபு அவர்களுக்கு மொழியன்று. அச்சமூட்டும் பின்னணித் திரை. சிறுவயதிலேயே அரபு எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பழகிய நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மக்களின் எழுத்து வெறும் அலங்காரமாகிவிடும்போது, அம்மக்களும் பேச்சற்ற உருவங்களாகவே திரையில் எஞ்சுவர். வேடிக்கைக்குள் உறையும் வேதனை இதுவே.

இதற்கு மறுதலையாக, பிரெஞ்சு இயக்குநர் அன்யேஸ் வார்தாவின் படங்களைக் குறிப்பிடலாம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சுவரோவியங்களைப் பற்றி 'மூர் மூர்' என்ற ஆவணப்படத்தை அவர் உருவாக்கினார். அது 1981-இல் வெளிவந்தது. அவரும் அந்நகருக்கு அயலவரே. எனினும் வரைந்தவர்களைப் பேசவிட்டார். வரையப்பட்டவர்களை ஓவியத்தின் முன்னே நிறுத்தினார். ஓவியர்களின் பெயர்கள் படம் நெடுக மெல்லிய குரலில் ஒலிக்கின்றன. அங்கே சுவர் பின்னணியன்று, கதைமாந்தர். பின்னர் 2017-இல் ஜேஆர் என்னும் கலைஞருடன் இணைந்து எடுத்த படத்தில், நார்மண்டிக் கடற்கரையில் வீழ்ந்து கிடக்கும் ஜெர்மானியக் காவலரண் ஒன்றின்மீது, மறைந்த நண்பர் கீ பூர்தேனின் படத்தைப் பேருருவாக ஒட்டுகின்றனர். மறுநாட் காலைக்குள் கடல் அதனைக் கழுவிச் சென்றுவிடுகிறது. வார்தா அவ்விழப்பை மறைக்கவில்லை. வெற்றுச் சுவரையும் காட்டுகிறார்.

பெர்லின் கலைஞர்களின் செயலை ஏமாற்று என்று கூறுவோர் உளர். ஊதியம் பெற்றுக்கொண்டு தொடரின் பெயரையே பழித்தது முறையா என்பது அவர்தம் வினா. இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும் அவர்கள் எதையும் ஒளித்து வைக்கவில்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். கோடிக்கணக்கான மக்கள் பேசும் மொழியில், எல்லோர் கண்ணெதிரிலும் எழுதினர். படிக்க எவரேனும் முன்வந்திருந்தால் அவ்வெழுத்து ஒரு மணி நேரம்கூட நிலைத்திராது. ஆதலின் குற்றத்தின் பெரும்பகுதி படிக்காதவர்களையே சாரும் எனக் கருதுகிறோம்.

தெருவோவியத்தை நாடிச் செல்லும் திரைக்கலை மாணவருக்கு நாம் கூற விழைவதும் இதுவே. சுவரின் வண்ணம் கண்ணைக் கவர்ந்தவுடன் கேமராவை நிறுத்திவிட வேண்டாம். இதனை எழுதியவர் யார், எம்மொழியில் எழுதினார், யாரை நோக்கி எழுதினார் என அத்தெருவில் வாழ்வோரிடம் கேட்டறிந்த பின்னரே படம் பிடிக்கத் தொடங்குக. விடை கிடைக்கத் தாமதமாகலாம். அன்றைய வெளிச்சமும் போய்விடலாம். அவ்விழப்பு தாங்கத் தக்கதே.