தேதி போட்ட கோடுகள்

நம் சிறுபத்திரிகைகள் கோட்டோவியத்தைக் கவிதைக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொள்கிற ஒன்றாகத்தான் நடத்தி வந்திருக்கின்றன. பக்கத்தில் இடம் மிஞ்சினால் ஒரு ஆதிமூலம், மிஞ்சாவிட்டால் இல்லை. காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவர் காந்தியை வரிசையாக வரைந்தார், ஜூனியர் விகடனில் கி.ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு வரைந்தார் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அந்தக் கை எத்தனை தாள்களைக் கிழித்துப் போட்டு அந்த ஒரு கோட்டுக்கு வந்து சேர்ந்தது என்று நாம் கேட்டதில்லை. முடிந்த படைப்பைக் கும்பிடுவது, அதன் பின்னாலிருக்கும் அன்றாட உழைப்பைப் பேசாமல் விடுவது என்கிற மனோபாவம், மேதைமை பற்றிய பழைய புராணத்தின் தொடர்ச்சிதான்.

நான் ஓவியன் இல்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய்வருகிற நாட்களில் ஒரு நோட்டில் தினம் ஒரு பக்கம் வரைந்து, கீழே தேதி போட்டு வருகிறேன். பெரும்பாலான பக்கங்கள் மோசமானவை. நான் கற்றுக்கொண்டதும் அவற்றிலிருந்துதான்.

தேவனாம்பட்டினத்தில் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் பெருகி, கட்டுமரம் அருகிப்போனது. மணலில் கிடந்த ஒன்றை ஒருநாள் வரைந்தேன். வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். “கட்டையெல்லாம் போட்டுட்டீங்க, கயிறு எங்க சார்? இத கடல்ல எறக்குனா கட்டைக்கு ஒரு பக்கமா போயிடுமே” என்றார். கட்டு என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கிற ஒரு பொருளில் நான் கட்டைப் பார்க்கவில்லை. பார்த்தது வடிவத்தை, அதாவது ஏற்கனவே மனசில் இருந்த படத்தை. மறுநாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். மூன்றாவது பக்கத்தில்தான் முடிச்சு முடிச்சாக விழுந்தது. ஒரு படம் மட்டும் இருந்திருந்தால் அது என் ரசனையைக் காட்டியிருக்கும். மூன்றும் சேர்ந்து என் குருட்டுத்தனத்தைக் காட்டின.

அங்கிருந்து முதுநகர் தாண்டிச் சிதம்பரம் பஸ்ஸில் போனால் சிப்காட் வரும். நாற்றத்தை வரைய முடியாது. ஆனால் 2004இல் அந்தப் பகுதிக் கிராமத்து மக்கள் வாளிக்குள் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். எந்த நாள், எந்த நேரம், எப்படிப்பட்ட நாற்றம் என்று குறித்தும் வைத்தார்கள். ஒருநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டவரை ‘உங்களுக்கு அப்படித் தோணுது’ என்று சொல்லி அனுப்பிவிடலாம். தேதி போட்ட வரிசையை அப்படி அனுப்ப முடியாது. தொடர்ச்சிதான் அனுபவத்தைச் சாட்சியாக மாற்றுகிறது. வரைநோட்டுக்கு முன்மாதிரி தேடினால் கலைப் புத்தகங்களுக்கு முன்பாக இந்தக் குறிப்புகளைத்தான் நான் எடுத்துக்காட்டுவேன்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தேதி போட்ட நோட்டு போலீஸ்காரரிடமும் இருக்கிறது. காலின் மெக்கன்சியின் ஆட்கள் ஊர் ஊராகக் கோயில்களை வரைந்தது நிலத்தை அளந்த அதே நிர்வாகத்துக்காகத்தான். பார்ப்பது அதிகாரம் என்று ஃபூக்கோவைப் படித்த நண்பர்கள் சொல்வார்கள். சரிதான். அதற்குச் சிதம்பரத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. பெரியபுராணத்து நந்தன் தில்லையின் எல்லைக்கு வெளியே சுற்றிச்சுற்றி வந்தான். உள்ளே வருவதற்குத் தீயில் இறங்க வேண்டியிருந்தது. நானோ கிழக்குக் கோபுர வாயிலில், 108 கரணங்களுக்குக் கீழே, நோட்டை விரித்து மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. உட்கார்ந்து பார்க்க முடிவதே ஒரு சலுகை.

நாலு மாதப் பக்கங்களை ஒருநாள் சேர்த்துப் புரட்டினேன். கல்லில் பெண்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். தினமும் என் காலடியைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போன அம்மா ஒரு பக்கத்தில்கூட இல்லை. தனித்தனியாக எந்தப் படமும் என்னைக் குற்றம் சொல்லியிருக்காது. நோட்டு சொன்னது.

பரிகாரம் தேடுகிற அவசரத்தில் மறுநாளே அவரிடம் வரையட்டுமா என்று கேட்டேன். “வரைங்க சார், வேணாங்கல. ஆனா தொடப்பத்தோட வேணாம். கூட்டி முடிச்சிட்டு முகம் கழுவிட்டு வர்றேன், அப்ப வரைங்க” என்றார். உழைப்பின் பிம்பம் என்று நாம் பத்திரிகை அட்டைகளில் போட்டுப் பரவசப்படுகிற துடைப்பத்தை அவர் ஒரே வாக்கியத்தில் வெளியே வைத்துவிட்டார். வரைந்து காட்டினேன். “மூக்கு சரியில்ல” என்றார். திருத்தினேன்.

போலீஸ் நோட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த மூக்கில்தான் இருக்கிறது. வரையப்பட்டவர் எட்டிப் பார்க்கலாம், மறுக்கலாம், திருத்தலாம். அதற்கு நாம் மறுநாளும் அங்கே போக வேண்டும். ஒருமுறை வந்து கோபுரத்தை வரைந்துகொண்டு ரயிலேறுகிறவருக்கு இது நடக்காது.

பத்திரிகை நடத்துகிற நண்பர்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த இதழில் யாருடைய சிறந்த ஓவியத்தையும் போட வேண்டாம். ஒருவருடைய நோட்டிலிருந்து அடுத்தடுத்த பத்து நாட்களைத் தேதியோடு, கயிறு விட்டுப்போன பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள். அதற்கு விமர்சனம் எழுதத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று அப்போது பார்க்கலாம்.