வெளிர் நீல நாடா

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் படகுச் சங்கம் 1828-இல் ஸ்தாபிதமாயிற்று. ஹாரோ பள்ளியில் தோழர்களாயிருந்து, பின்னர் ஒருவர் ஆக்ஸ்போர்டுக்கும் மற்றவர் கேம்பிரிட்ஜுக்குமாகப் பிரிந்த சார்ல்ஸ் வேர்ட்ஸ்வொர்த்தும் சார்ல்ஸ் மெரிவேலும் முன்னின்று ஏற்பாடு செய்ததன் பயனாக, மறு வருஷம் ஜூன் மாதத்தில் இரு சர்வகலாசாலைகளுக்கிடையே ஹென்லியில் முதற் படகுப் பந்தயம் நடந்து, ஜயம் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்தது.

என் மனத்தை விசேஷமாகக் கவர்வது 1836-ஆம் வருஷத்துச் சிறு காரியம் ஒன்று: இரண்டாம் பந்தயத்துக்குப் புறப்படுமுன் கேம்பிரிட்ஜ் படகின் முகப்பில் வெளிர் நீலப் பட்டு நாடா ஒன்றைக் கட்டினார்கள். அன்று அவர்களுக்கு வெற்றி கிட்டியதால், அந்த நிறமே காலக்கிரமத்தில் சர்வகலாசாலை வீரர்கள் அனைவருக்கும் உரிய கௌரவச் சின்னமாக நிலைபெற்றது. எத்தனை அழகான உற்பத்தி!

துடுப்பு வலிக்கும் எண்மரும் இலக்குக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்க, எதிரே நோக்கும் பாக்கியம் சுக்கான் பிடிக்கும் ஒருவருக்கே வாய்க்கிறது. பந்தயப் பாதையான தேம்ஸ் நதியில் பட்னியிலிருந்து மார்ட்லேக் வரையில் ஏறத்தாழ 6.8 கிலோமீட்டர் தூரமும் அந்த ஒருவர் குரலை நம்பியே எண்மரும் ஒரே மூச்சாய் வலிக்கும் ஒழுங்கு, மிக உயர்ந்த நாத லயத்துக்குச் சமானமானது.

1877-இல் பந்தயம் சமனில் முடிந்தது. 1912-இல் இரு படகுகளுமே நீர் புகுந்து மூழ்கின. 2015 முதல் பெண்களும் அதே தேம்ஸ் பாதையில், அதே நாளில் போட்டியிடுகிறார்கள். இந்த நியாயம் வெகுகாலம் முன்னரே கிடைத்திருக்க வேண்டும்.